சக்கர நாற்காலிக்கு எட்டும் தோட்டம்: வன்னி வளவில் சேதனச் சாடிப் பயிர்ச்செய்கை

வடக்கு இலங்கையின் வன்னியில் வீட்டுத்தோட்ட உதவி என்றால் அநேகமாக ஒரே மாதிரித்தான் வரும். கறுப்புப் பைகள், ஒரு தட்டு மிளகாய்க் கன்று, ஒரு மூடை கூட்டெரு. ஐப்பசி மழையோடு கொடுப்பார்கள். மாசி, பங்குனி வரும்போது பாதிப் பை காய்ந்து கிடக்கும், மீதியில் இலை சுருண்டிருக்கும். காலை இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டவர், முழங்கால் மடங்காத முதியவர் இருக்கிற வீடுகளில் இன்னும் வேகமாக இது நடக்கும். ஏன் என்று கேட்டால் "சேதனப் பசளையில் ஒன்றும் வராது" என்ற முடிவுக்கே பலர் வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவுக்கு ஒரு பின்னணி உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் போதிய சேதனப் பசளையும் இல்லை, பழக்கமும் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் பற்றிய பேச்சு எங்கும் கேட்டது. சேதனம் என்ற சொல்லோடு கசப்பும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏக்கர் கணக்கான வயலின் கணக்கு வேறு, 18 லீற்றர் வாளியின் கணக்கு வேறு. சாடித் தோட்டம் இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் பசளையால் அல்ல. உயரம், பாரம், தண்ணீர் ஆகிய மூன்றையும் யோசிக்காமல் கன்றிலிருந்து தொடங்குவதால்தான். ஆளின் கை எங்கே எட்டும் என்பது முதலில், தண்ணீர் எப்படி வரும் என்பது அடுத்து, கலவை பிறகு. கன்று கடைசி.

## சேதனம், கூட்டெரு, கலவை

சேதனப் பசளை என்பது தாவர, விலங்குக் கழிவிலிருந்து வரும் பசளை: மாட்டெரு, ஆட்டெரு, கோழியெரு, குழை, மீன்கழிவு. இவற்றிலுள்ள நைதரசனை வேர் நேரடியாக உறிஞ்சாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கவேண்டும். யூரியா சில நாட்களில் பச்சை காட்டும். எரு காட்ட இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

கூட்டெரு என்பது இவை அடுக்கி, சூடேறி, மக்கி முடிந்த பிறகு கிடைப்பது. மக்காத எரு வாளிக்குள் போனால் அங்கேதான் சூடேறும். நிலத்தில் அந்தச் சூடு பரவிப்போகும். வாளியில் வேரைத்தான் அவிக்கும்.

நடுகைக் கலவை என்பது சாடியை நிரப்பும் பொருள். வளவு மண்ணை அப்படியே அள்ளிப் போடுவது கலவை ஆகாது. வன்னியின் செங்கபில மண் நனைந்தால் பிசையும், காய்ந்தால் கல்லாகும். சாடிக்குள் இரண்டு நனைப்புக்குப் பிறகு அது ஓரத்தை விட்டு விலகி நிற்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கால் வழிந்து கீழே ஓடிவிடும். நடுவில் வேர் உலர்ந்தபடியே இருக்கும். தண்ணீர் வெளியே வருகிறதே, நனைந்துவிட்டது என்று நினைத்து ஏமாறும் இடம் இது.

சாடிக்கும் நிலத்துக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் மூன்று:

1. வேர் தண்ணீர் தேடிக் கீழே போக வழியில்லை.
2. ஊற்றுகிற ஒவ்வொரு தண்ணீரும் கொஞ்சம் பசளையைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆரம்பத்தில் போட்ட கூட்டெரு 6 தொடக்கம் 8 வாரத்துக்குத்தான் தாங்கும்.
3. சாடியின் பக்கங்களில் வெயில் நேராகப் படுகிறது. கறுப்புப் பைக்குள் மத்தியான வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் வேர் சோரும், தண்ணீரையும் பசளையையும் சரியாக உறிஞ்சாது.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. "எரு போட்டும் மஞ்சளாகவே நிற்கிறது" என்ற முறைப்பாட்டில் கணிசமான பங்கு, எரு இல்லாததால் அல்ல, வேர் வெந்துபோனதால்.

## உயரம்: எல்லாரும் பிழைவிடும் கணக்கு

"சக்கர நாற்காலிக்காரருக்கு மேசை உயரத் தோட்டம்" என்ற யோசனை நல்லது. பிழை எங்கே வருகிறது என்றால், மேசைக்கு அளவு எடுப்பவர்கள் மேசைக்குமேல் வைக்கப்போகும் வாளியை அளப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். நாற்காலியின் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 19 அங்குலம். முழங்கால் உள்ளே போக மேசையின் அடிப்புறம் 27, 28 அங்குலத்தில் நிற்கவேண்டும். பலகைத் தடிப்பு 2 அங்குலம், மேற்பரப்பு 30. அதன்மேல் 12 அங்குல வாளி வைத்தால் மண்ணின் மட்டம் 42 அங்குலம். இருந்தபடி இருக்கும் ஒருவருடைய தோள் 40, 41 அங்குலத்தில்தான் இருக்கும். அதாவது மண்ணே தோளுக்குமேல். அதில் இரண்டடி மிளகாய்ச் செடி வளர்ந்தால் காய் பிடுங்க முடியாது, இலையின் அடியைப் பார்க்க முடியாது, தண்ணீர் ஊற்றினால் சட்டைக்கைக்குள் வழியும். அப்படியான மேசைகள் ஒரு போகத்தோடு உடுப்புக் காயப்போடும் இடமாகிவிடும்.

ஆகவே உயரம் ஒன்றல்ல, இரண்டு.

அ. கீரை மேசை. முழங்காலை உள்ளே விட்டு நேர்முகமாக வேலை செய்வதற்கு.

1. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரமுள்ள சீமெந்துக் கல்லை மூன்று வரி அடுக்கினால் 24 அங்குலம். மேலே 4 அங்குலத் தடிப்புக் கல் ஒன்றைப் படுக்கையாக வைத்தால் 28. மேசனுக்கு வேறு அளவு சொல்லத் தேவையில்லை. கற்களைச் சாந்து வைத்துக் கட்டவேண்டும். வெறுமனே அடுக்கினால் நாற்காலி இடித்து ஒருநாள் சரியும்.
2. இரண்டு தூணுக்கும் இடையில் உள்வெளி குறைந்தது 32 அங்குலம்.
3. மேலே வைரம் ஏறிய பனஞ்சிலாகை. இளம்பனை ஒரு மழைக்குத் தாங்காது. கறையான் தூண்வழியே மண்குழாய் கட்டி ஏறும். மாதம் ஒருமுறை தூணின் உட்பக்கத்தைத் தட்டிப் பார்க்கவேண்டும்.
4. சிலாகைக்குமேல் 6 அங்குல ஆழத் தட்டு மட்டும். மீன்பெட்டி, நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்ரிக் கான், துளையிட்ட தகரம் எதுவும் சரி. மண்மட்டம் 35, 36 அங்குலத்தில் நிற்கும். முழங்கையை மடக்கி வேலை செய்யலாம்.
5. மேசையின் அகலம் ஒரு பக்கத்தால் மட்டும் போகலாம் என்றால் 2 அடி, இரண்டு பக்கத்தாலும் போகலாம் என்றால் 4 அடி. அதற்குமேல் கை எட்டாது. எட்டாத இடத்தில் புல்தான் வளரும்.
6. முன்விளிம்பின் அடிப்புறத்தில் பழைய சைக்கிள் ரியூப்பைப் பிளந்து ஆணி தெரியாமல் சுற்றிக் கட்டுங்கள். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சிலாம்பும் ஆணியும் கிழித்தது தெரியாது.

ஆ. ஒற்றைக்கல் படி. மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி போன்ற உயரப் பயிருக்கு. ஒரு கல் (8 அங்குலம்) உயரத்தில் நீளத் திட்டு ஒன்று; அதன்மேல் வாளி. மண்மட்டம் 20 அங்குலம், வளர்ந்த செடியின் நுனி நாலடி. நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை நீட்டினால் வேரிலிருந்து நுனிவரை எட்டும். ஒரே வரிசைதான், பின்னால் இன்னொரு வரிசை வைக்கும் ஆசையை விடவேண்டும்.

செயற்கைக்கால் அல்லது ஊன்றுகோலோடு நிற்பவருக்கு இடுப்பளவு, 34 அங்குலம் வசதி. ஆனால் அவருக்கு ஒரு கை எப்போதும் ஊன்றுகோலில் இருக்கும். மேசையின் முன்னால் சாயக்கூடிய இரும்புக் குழாய் ஒன்று பூட்டினால் இரண்டு கையும் விடுபடும். முழங்கால் நோவுள்ள முதியவருக்கு இவை எதுவும் தேவையில்லை. கைபிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரையும் அதே ஒற்றைக்கல் படியும் போதும். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்கு வாளி சுழலக்கூடாது: திட்டில் வாளியின் அடி இறங்குமளவுக்கு, ஆனால் வடிதுளைகள் மறையாத ஆழத்தில் சீமெந்துக் குழி விட்டு வைத்தால் ஆடாது. பார்வையற்றவருக்கு உயரத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். வாளிகள் இடம் மாறக்கூடாது. ஓரமாக ஒரு கயிறு ஓடி, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு முடிச்சு இருக்கவேண்டும்.

## பாதையும் இடமும்

கார்த்திகை மழையில் வளவு சேறாகும்போது சக்கரம் இறங்காத இடம் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் கோடையிலும் இறங்காத இடம் வேண்டும். மூன்றரை அடி அகலம், இறுக்கிய கிரவல் அல்லது கொங்கிறீற். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி. சரிவு என்றால் ஒரு அங்குல ஏற்றத்துக்கு 12 அங்குல நீளம். அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்வு. இதற்குச் செலவழிக்க முடியாவிட்டால் தோட்டத்தை விறாந்தையின் ஓரத்துக்குக் கொண்டுவருவதே நல்லது.

வீட்டின் கிழக்குப் பக்கம் முதல் தெரிவு. காலை வெயில் கிடைக்கும். வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றைச் சுவர் மறைக்கும். அந்தக் காற்று வெயிலைவிட வேகமாக வாளியை உலர்த்தும். காய்க்கும் பயிருக்கு ஆறு மணிநேர வெயில் வேண்டும், கீரைக்கு மூன்று நாலு போதும். தகரக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மழையில் பாதிக் கலவை வெளியே.

## பாரமும் கலவையும்

18 லீற்றர் வாளியை நனைந்த வளவு மண்ணால் நிரப்பினால் 30 கிலோ தாண்டும். ஐந்து வாளி 150 கிலோ. சிலாகை வளையும், நகர்த்த ஆள் தேடவேண்டும். கீழே சொல்லும் கலவையில் அதே வாளி 15, 16 கிலோதான். இன்னொருவர் ஒரு கையால் இழுத்து நகர்த்தலாம்.

ஒரு வாளிக்கு:

1. மக்கிய கூட்டெரு 6 லீற்றர்.
2. கழுவிய தும்புத்தூள் 6 லீற்றர்.
3. கரித்த உமி 3 லீற்றர்.
4. மேல்மண் 3 லீற்றர்.

தும்புத்தூளில் உப்பு இருக்கும். சாக்கில் கட்டி, ஊறவிட்டு, வடியவிட்டு, மூன்று தரம் கழுவவேண்டும். கழுவாமல் போட்டால் நட்ட இரண்டாம் கிழமை இலையோரம் கருகும்.

உமி வன்னியில் அரிசி ஆலைக்குப் போனால் கிடைக்கும். கவனிக்கவேண்டியது நிறம். கறுப்பாகக் கரிந்தது நல்லது. வெள்ளைச் சாம்பலாக எரிந்தது வேண்டாம். அது காரம், காற்றோட்டமும் தராது.

கூட்டெரு மக்கிவிட்டதா என்று பார்க்க, ஒரு சிரட்டையில் நிரப்பிப் பத்துப் பயறு ஊன்றுங்கள். ஐந்து நாளில் குறைந்தது எட்டு நேராக முளைத்தால் சரி. முளை அழுகினாலோ முறுகினாலோ இன்னும் மூன்று வாரம் விடவேண்டும். விலைக்கு வாங்கிய மூடைக்கும் இதே சோதனைதான்.

மேல்மண்ணை ஏற்கெனவே பயிர்செய்துவரும் நிலத்தில் மட்டும் எடுங்கள். கண்ணிவெடி அகற்றல் முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் உண்டு. மண்ணுக்காகப் பற்றைக்காட்டு ஓரத்தைத் தோண்டுவது வேண்டாத ஆபத்து.

சாடியின் அடியில் கல் அடுக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். தண்ணீர் நுண்ணிய கலவையிலிருந்து பெருங்கல்லுக்குள் இலகுவில் இறங்காது; கலவையின் அடிமட்டத்திலேயே தேங்கும். கல் வைத்தால் அந்த ஈரப்பட்டை வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது, பாரமும் கூடுகிறது. துளைகளை அடியில் போடாமல் பக்கத்தில், அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில், அரை அங்குல விட்டத்தில் ஐந்தாறு போட்டால் திட்டில் வைத்தாலும் அடைபடாது.

எந்தச் சாடி? வெள்ளை அல்லது இளநிற வாளி நல்லது. கறுப்புப் பைதான் இருக்கிறது என்றால் வெளியே ஒரு சாக்கைச் சுற்றுங்கள். உரப்பை ஒரு போகத்தில் வெயிலுக்கு நூல்நூலாகப் பிரிந்துவிடும்; தூக்கும்போது அடி கழன்று மடியில் கொட்டும். பூச்சிகொல்லி வந்த கான் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். ரயரும் வேண்டாம்: சூடாகும், உட்குழிவில் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு பெருகும்.

## தண்ணீர்: அளவும் குணமும்

15 லீற்றருக்குமேற்பட்ட சாடியில் காய்க்கும் மிளகாய் அல்லது கத்தரிக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஒன்றரை தொடக்கம் இரண்டு லீற்றர் போகும். இருபது வாளிக்கு 40 லீற்றர். ஊன்றுகோலோடு இருப்பவர் அதைக் கிணற்றிலிருந்து காவ முடியாது. இருபது பையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருதரம் செய்து பார்க்கலாம். ஆகவே இப்படி:

1. தாங்கியும் குழாயும். தோட்ட ஓரத்தில், நாற்காலியிலிருந்து எட்டும் மூன்றடி உயரத்தில் போல் வால்வு (ball valve). திருகும் பைப்பைவிடப் பலவீனமான கைக்கு இதுதான் இலகு, கால்சுற்றில் திறக்கும். அதில் அரை அங்குல ஓஸ்.
2. சொட்டு. வாளி மட்டத்துக்கு மூன்றடி மேலே தாங்கி இருந்தால் மோட்டரே தேவையில்லை. நுண்ணிய துளைகள் வன்னித் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். கழற்றித் தேசிக்காய்ப் புளியில் ஊறவைக்கக்கூடிய சொட்டுமுனையாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் பாவித்த சேலைன் வயரை எடுத்துப் பாவிப்பது கிருமிக்கு வழி.
3. மண்முட்டி. 50 லீற்றர் அளவான அரைப் பீப்பாய் இருந்தால், ஒன்றரை லீற்றர்ச் சுடுமண் முட்டியைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி, சிரட்டையால் மூடுங்கள். முட்டியின் சுவர்வழியே தண்ணீர் கசிந்து வேரைத் தேடிப் போகும். வாங்கும்போது தண்ணீர் நிரப்பி அரை மணிநேரம் வையுங்கள். வெளிப்புறம் வியர்க்காத முட்டி, மினுக்கிய முட்டி உதவாது. 18 லீற்றர் வாளிக்குள் இதை வைத்தால் வேருக்கு இடமில்லை.
4. இரட்டை வாளி. கீழ்வாளியில் இரண்டங்குல உயரத்தில் வழிவு துளை. அதில் ஏறத்தாழ 3 லீற்றர் நிற்கும். மேல்வாளியின் அடியிலிருந்து பருத்தித் துணித்திரி கீழே இறங்கி ஈரத்தை ஏற்றும். கோடையில் ஒன்றரை நாள் தாங்கும். உதவிக்கு ஆள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் வீட்டுக்கு நல்லது.

நாலாவதில் ஒரு பொறி உண்டு. அது தண்ணீரின் குணத்தோடு சேர்ந்தது. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கடினமானது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு. கரையோரத்தில் உவரும் சேரும். தண்ணீர் கீழிருந்து மட்டும் ஏறினால் உப்பெல்லாம் மேற்பரப்பில் வெள்ளைப் பொருக்காக நிற்கும். ஆகவே எந்த முறையானாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேலிருந்து, துளைவழியே நன்றாக வழியுமளவுக்கு ஊற்றிக் கழுவவேண்டும். மழைத் தண்ணீர் பிடித்திருந்தால் அதை இதற்கு வையுங்கள்.

கடினத் தண்ணீர் இன்னொன்றும் செய்யும். கலவை மெல்ல மெல்லக் காரமாகும். இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. அடையாளம்: நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலை மஞ்சள் என்றால் அது நைதரசன் குறைவு. இரண்டையும் குழப்பி மேலும் மேலும் எரு போடுவது வழக்கமான பிழை.

## சாம்பலும் முட்டைக்கோதும்

கைபேசியில் வரும் தோட்டக் குறிப்புகள் எல்லாவற்றிலும் இவை இரண்டும் இருக்கும். வன்னியில் இவைதான் அதிகம் தேவைப்படாதவை. சாம்பல் காரத்தைக் கூட்டும். தண்ணீர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. முட்டைக்கோது கல்சியம், அதுவும் தண்ணீரிலேயே வருகிறது. தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு மருந்து முட்டைக்கோது என்பார்கள். இங்கே அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கின்மை: ஒருநாள் வாடவிட்டு அடுத்தநாள் குளிப்பாட்டினால், கல்சியம் இருந்தும் காயின் அடிக்குப் போய்ச்சேராது. தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த குலை நன்றாக வரும்.

பசளை அட்டவணை இவ்வளவுதான்:

1. நட்ட மூன்றாம் கிழமையிலிருந்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு வாளிக்கும் இரண்டு பிடி கூட்டெரு மேலாகத் தூவி, அதற்குமேல் காய்ந்த இலை அல்லது வைக்கோல் இரண்டங்குலம். மூடாக்கு இல்லாத கூட்டெரு வெயிலில் காய்ந்து வெறும் தூளாகும்.
2. வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழை ஒரு கிலோ, தண்ணீர் 10 லீற்றர், மூடிய வாளியில் ஏழு தொடக்கம் பத்து நாள். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து வேரில் கிழமைக்கு ஒருமுறை அரை லீற்றர். நைதரசனுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.
3. மீன்கழிவும் சர்க்கரையும் நிறைக்கு நிறை, மூன்று நாலு கிழமை ஊறவிட்டு வடித்தது: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் மட்டும். கூடினால் கருகும். நாயும் பூனையும் வாளியைக் கிண்டும் என்பதால் மாலையில் ஊற்றவேண்டாம்.

கோழியெரு காரம், ஆறு மாதம் மக்காததை வாளிக்குக் கொண்டுவராதீர்கள்.

## எதை, எப்போது

காலபோக மழையை நம்பித் தொடங்குவதே புத்தி. ஆவணி கடைசியில் அல்லது புரட்டாதியில் நாற்று, ஐப்பசியில் நடுகை, தை தொடக்கம் வைகாசிவரை காய். கார்த்திகை, மார்கழியில் கவலை தண்ணீர் இல்லாமை அல்ல, தேங்குதல். துளைகளைக் கிழமைக்கு ஒருமுறை குச்சியால் குத்திவிடவேண்டும்.

சாடி அளவு: மிளகாய், கறிமிளகாய்க்கு 12 லீற்றர், வெண்டிக்கு 15, கத்தரி, தக்காளிக்கு 18. பயற்றை ஏற்றமாகக் கட்டினால் நுனிக் காய் எட்டாது. பந்தலைச் சாய்வாக, நாற்காலியை நோக்கிச் சரித்துக் கட்டுங்கள், காய் கைக்குமேல் தொங்கும். பாகலும் புடோலும் அப்படியே, ஆனால் 40 லீற்றருக்குக் குறைய வேண்டாம்.

கீரை மேசைக்கு முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை. முளைக்கீரை 25 நாளில் வெட்டுக்கு வரும். பொன்னாங்காணி கிள்ளக் கிள்ளத் தழைக்கும்; விதையே வேண்டாம், சந்தைக் கட்டிலிருந்து தண்டு ஊன்றினால் போதும். தொடங்குபவர் இதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. முதல் மாதத்தில் சட்டிக்கு ஏதாவது வந்தால்தான் ஆள் இரண்டாம் மாதம் தோட்டத்துக்கு வருவார்.

மிளகாயில் கலப்பின விதை ஒரு தரம் நன்றாகக் காய்க்கும், அடுத்த தரம் அதன் விதை ஒரே மாதிரி வராது. விதை எடுத்து வைக்க விரும்புபவர் எம்.ஐ.2 போன்ற விவசாயத் திணைக்கள வர்க்கத்தைக் கேட்கலாம். கத்தரியில் தின்னவேலி ஊதாவும் அப்படித்தான். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எது கையிருப்பில் இருக்கிறது என்று சொல்வார்.

அளவு? முதல் போகத்துக்கு ஆறு வாளியும் ஒரு கீரை மேசையும். நன்றாகப் பார்த்த மிளகாய்ச் செடி ஒன்று போகம் முழுவதுக்குமாக அரை தொடக்கம் ஒரு கிலோ பச்சைக்காய் தரும். ஆறில் நாலு மிளகாய் என்றால் வீட்டுத் தேவை ஓடும். குடும்பத்தின் மரக்கறிச் செலவு முழுவதையும் இது தாங்காது. அப்படிச் சொல்லிக் கொடுப்பவர்களை நம்பவேண்டாம். உதவி தர யாராவது வந்தால் பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கல்லும் சீமெந்தும் ஓஸும் போல் வால்வும் கேளுங்கள். கன்று எப்படியும் கிடைக்கும்.

## பூச்சி, மயில், குரங்கு

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இரண்டும் வெயில் காலத்தில் தூசிபடிந்த செடியில் கூடும். கிழமைக்கு இரண்டுதரம் இலையின் அடியில் வெறும் தண்ணீர் விசிறுவதே பாதி வைத்தியம். அதற்கும் மேலே போனால், உடைத்த வேப்பம்பருப்பு 50 கிராம் ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறி, துணியால் வடித்து, ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் சேர்த்து, மாலையில் இலையடியில். அன்றைக்கே பாவித்து முடிக்கவேண்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தரம். முழுச் செடியும் சுருண்டு, நுனி மஞ்சள் தேமலாகி நின்றால் அது வைரசு. பிடுங்கி எரியுங்கள், பக்கத்து வாளிக்கு வெள்ளை ஈ காவும்முன்.

மயிலும் குரங்கும் வேம்புக்குப் பயப்படாது. கீரை மேசைக்கு மேலே வலைக்கூடு வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் பழைய மீன்வலை கிடைக்கும்; மெல்லிய தங்கூசி வலை வேண்டாம், குருவியும் அணிலும் சிக்கிச் சாகும். தடித்த நைலோன் வலை எடுங்கள். கூட்டின் கதவு வெளியே திறக்கும் கதவாக இருந்தால் நாற்காலியில் இடிக்கும். வலையை மேலே சுருட்டும் கயிறு, இருந்தபடி எட்டும் கொளுக்கி; அதுவே போதும். சொல்லவேண்டியதுதான்: குரங்குக் கூட்டம் ஒன்று மனம்வைத்தால் இந்த வலை தாங்காது. அப்படியான வளவில் தக்காளியை விட்டுவிட்டு மிளகாய், பாகல், வல்லாரை என்று போவதே மேல்.

## உடம்பைப் பார்த்துக்கொள்ளும் முறை

முள்ளந்தண்டுக் காயத்தோடு தோட்டம் செய்பவருக்கு இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

1. மடியில் எதையும் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற கறுப்பு வாளி, தகரத் தட்டு, ஓஸின் சுருள் எல்லாம் தொடையைச் சுடும். உணர்ச்சி இல்லாத தோலில் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். காவ வேண்டுமென்றால் மடியில் பலகைத் தட்டு, அதற்குக் கீழே மடித்த தடித்த துணி. ஓஸில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். நிலத்தில் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.
2. அழுத்தத்தை விலக்குங்கள். 15 தொடக்கம் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்கவோ முன்னால் நன்றாகச் சாயவோ வேண்டும். களை பிடுங்கும் ஆர்வத்தில் ஒரு மணிநேரம் போவது தெரியாது. படுக்கைப்புண் ஒன்று ஆற மாதக்கணக்கு எடுக்கும். கைபேசியில் மணி வையுங்கள்.
3. வெப்பம். நெஞ்சுக்கு மேற்பட்ட மட்டத்தில் காயம் என்றால் கீழுடம்பு வியர்க்காது. உடல் சூடு இறங்காது. காலை எட்டரைக்கு முன், மாலை நாலரைக்குப் பின். பக்கத்தில் ஈரத்துணியும் தண்ணீர்ப் போத்தலும்.
4. வேலை முடிந்ததும் பார்க்கவேண்டியவை. பாதம், குதி, கணுக்கால், தொடையின் பின்பக்கம். முசுறு, முள், சிலாம்பு. எட்டாத இடத்துக்கு ஒரு கைக்கண்ணாடி.
5. சக்கரமும் கையும். சக்கரத்தை உருட்டும் கை சேற்றில் படும். கையுறை போடுங்கள், அல்லது வீட்டுக்குள் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சிறுநீர்க் குழாய் மாற்றுபவர் கட்டாயம்.
6. காயமும் மழைத்தண்ணீரும். திறந்த புண்ணோடு தேங்கிய தண்ணீரிலோ ஈரமண்ணிலோ வேலை செய்யாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் தொற்றும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களை எடுத்தது. நீரிழிவு உள்ளவருக்கு மண்ணிலிருந்து வரும் வேறு கிருமித்தொற்றுகளும் கடுமையாகும். மழைக்காலத்தில் தோட்ட வேலைக்குப் பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டு இருந்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த நோ தெரியாது. காய்ச்சல் ஒன்றே போதும் என்று எடுத்துக்கொண்டு, மண்ணிலும் தண்ணீரிலும் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.